தலைப்பிரட்டையும் கன உலோகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் வேலை பார்க்கிறேன். ஐப்பசியில் மழை பிடித்ததும், "ப்ராஜெக்ட்டுக்குத் தவளை எடுக்கலாமா மேடம்?" என்று மாணவர்கள் வந்து நிற்பார்கள். கண்மாய்க்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கேட்பது வேறு மாதிரி இருக்கும். தண்ணீரில் கலந்த கன உலோகத்தின் நஞ்சைத் தலைப்பிரட்டையை வைத்துச் சோதிப்பது பற்றிச் சொன்னதையே சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மீன் இருக்கும்போது தவளையை ஏன் பிடிக்க வேண்டும்?

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் குடிக்கிறது. அதே தோலால் மூச்சும் விடுகிறது. செதில் கிடையாது. முட்டைக்கு ஓடு கிடையாது, வழவழப்பான கூழ் மட்டும்தான். முட்டையிலிருந்து வரும் தலைப்பிரட்டை செவுளால் மூச்சுவிட்டுக்கொண்டு அடிச்சேற்றையும் பாசியையும் சுரண்டித் தின்கிறது. கால் முளைத்துக் கரையேறியபின் பூச்சியைத் தின்கிறது. தண்ணீரில் கரைந்தது, சேற்றில் படிந்தது, கரையில் கிடப்பது என்று மூன்று இடத்து நஞ்சும் ஒரே உடம்பில் வந்து சேர்கின்றன.

நம் பக்கத்துக் காரணம் இன்னொன்றும் உண்டு. மானாவாரிக் கண்மாய்கள் பாதி வருடம் காய்ந்து கிடக்கும். அங்கே மீனை நம்பி ஆய்வைத் தொடங்க முடியாது. ஒரு கன மழை பெய்தால் போதும், பள்ளம் பள்ளமாகத் தலைப்பிரட்டை துள்ளும்.

கன உலோகம் என்றால் எவை? ஈயச்சொம்பு ரசமும் இதில் சேருமா?

தண்ணீரைவிட ஐந்து மடங்குக்கு மேல் அடர்த்தி உள்ள உலோகங்களைப் பொதுவாக அப்படிச் சொல்வார்கள். நஞ்சு ஆய்வில் அடிக்கடி வருபவை காட்மியம், காரீயம், பாதரசம், குரோமியம், தாமிரம், துத்தநாகம், நிக்கல். ஆர்செனிக் முழு உலோகம் இல்லை என்றாலும் இந்த வரிசையிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். தாமிரமும் துத்தநாகமும் உடம்புக்குத் தேவையானவை, அளவு மீறினால்தான் நஞ்சு. காட்மியம், காரீயம், பாதரசத்துக்கு உடம்பில் எந்த வேலையும் இல்லை.

ஈயச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில். அது வேறு, காரீயம் வேறு. நல்ல சொம்பில் பயமில்லை, காரீயம் கலந்த மலிவுச் சொம்பில்தான் வம்பு. தமிழில் இரண்டுக்கும் "ஈயம்" என்றே பேசிப் பழகிவிட்டோம். ஆய்வேட்டிலாவது காரீயம் என்று எழுதுங்கள்.

மதுரைப் பக்கம் இவை எங்கிருந்து வருகின்றன?

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும்தான் நினைவுக்கு வரும். எனக்கு நினைவு வருவது தோல் பதனிடும் தொழிலும் அதன் குரோமியமும். மதுரை ஊருக்குள் முலாம் பூசும் பட்டறைகளும் பழைய பேட்டரி உடைக்கும் இடங்களும் இருக்கின்றன. அங்கே நிக்கல், குரோமியம், காரீயம் எல்லாம் புழங்கும். கழிவு எந்தச் சாக்கடையில் இறங்கினாலும் கடைசியில் கிருதுமால் நதியையோ வைகையையோ தேடிப் போகும்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குப் பூஞ்சை நோய் வராமலிருக்கப் போர்டோ கலவை அடிப்பார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (தாமிர சல்ஃபேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு. கணக்குப் போட்டால் லிட்டருக்கு இரண்டரை கிராம் தாமிரம். தெளித்து முடித்த டிரம்மை வாய்க்காலில் அலசினால் அங்கிருக்கிற தலைப்பிரட்டையின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் ஊரறிந்த விவகாரம். பக்கத்திலிருக்கும் பாம்பார் சோலையில் கசிந்தது மலையோடு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. பாம்பாறு கும்பக்கரை அருவியாக இறங்குவது பெரியகுளத்துப் பக்கம்தான்.

அரிட்டாபட்டியையும் கேட்கிறார்கள். டங்ஸ்டனும் கன உலோகம்தான். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட விட்ட ஏலம், மேலூர்ப் பக்கத்து மக்கள் போராடியதில் 2025 ஜனவரியில் ரத்தானது. அங்குள்ள சுனைகளிலும் கண்மாய்களிலும் எந்தத் தவளை இருக்கிறது, ரத்தம் எப்படி இருக்கிறது என்று இப்போதே பார்த்து எழுதி வைப்பது நல்லது. சேதம் வந்தபிறகு ஒப்பிட வேண்டுமானால், சேதம் வருவதற்கு முந்தைய கணக்கு கையில் இருக்க வேண்டும்.

எல்.சி.50 சோதனையை எப்படிச் செய்வது?

தொட்டியில் விட்ட உயிரில் சரிபாதியைக் கொல்லும் அளவுதான் எல்.சி.50. வழக்கமாக 96 மணி நேரக் கணக்கு.

தலைப்பிரட்டையின் வளர்ச்சியை காஸ்னர் 1960-இல் 46 நிலைகளாகப் பிரித்தார். 25-ஆம் நிலையில் வெளிச்செவுள் மறைந்து, குஞ்சு தானாகத் தின்னத் தொடங்கும். பெரும்பாலோர் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். முதலில் அகலமான இடைவெளியில் ஒரு முன்சோதனை. பிறகு ஐந்து அளவுகளும், உலோகமே போடாத ஒரு கண்ட்ரோலும். ஒவ்வொன்றுக்கும் மூன்று தொட்டி, தொட்டிக்குப் பத்து தலைப்பிரட்டை என்றால் மொத்தம் 180. இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும். கண்ணாடிக் குச்சியால் தொட்டும் அசையாவிட்டால் செத்ததாகக் கணக்கு. கண்ட்ரோலில் பத்து சதவீதத்துக்கு மேல் செத்தால் மொத்தச் சோதனையும் குப்பைக்கு.

ஒரே முட்டைக்கூழிலிருந்து வந்த குஞ்சுகளை மட்டும் வைத்துச் செய்யாதீர்கள். எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள், ஒரே மாதிரிதான் சாகும் அல்லது பிழைக்கும். நான்கைந்து கூழிலிருந்து கலந்து எடுங்கள். புள்ளியியலில் உங்கள் எண்ணிக்கை தொட்டிதான். தொட்டி மூன்று என்றால் எண்ணிக்கையும் மூன்று, முப்பது ஆகாது. வாய்மொழித் தேர்வில் பலர் தடுமாறும் இடம் இது.

கருவிலேயே பார்க்க வேண்டுமானால் ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டையில் செய்யும் ஃபீட்டாக்ஸ் சோதனை உண்டு. அதுவும் 96 மணி நேரம். பாதியைக் கொல்லும் அளவை, பாதிக்கு ஊனம் வரவைக்கும் அளவால் வகுப்பார்கள். விடை 1.5-ஐத் தாண்டினால், கொல்லும் முன்பே உருக்குலைக்கும் பொருள் என்று சந்தேகிக்கலாம்.

எந்தத் தண்ணீரில் செய்வது? குழாய்த் தண்ணீர் போதாதா?

இந்தப் பக்கத்தில் நான் ரொம்ப மெனக்கெட்டு எழுதும் பதில் இதுதான். பாதி ஆய்வேடுகள் கெட்டுப்போவது இங்கேதான்.

மதுரை ஆழ்குழாய்த் தண்ணீரைக் குக்கரில் கொதிக்க வைத்தவர்களுக்கு அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு தெரியும். அது சுண்ணாம்புச் சத்து. அந்தக் கால்சியம் செவுளின் வாசலில் உலோகத்தோடு இடத்துக்குப் போட்டி போடும், அதனால் உலோகம் உள்ளே போவது குறையும். கார்பனேட்டும் தன் பங்குக்கு உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கடின நீரில் தாமிரத்தின் நஞ்சு மட்டுப்படும், மென்னீரில் ஏறும். பி.எச். (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) இறங்கினாலும் ஏறும். தண்ணீரின் கடினத்தன்மையும் பி.எச்.சும் வெப்பநிலையும் எழுதாத எல்.சி.50 எண்ணை நான் பார்ப்பதே இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்தது ஒன்று. காரீய நைட்ரேட்டை ஆழ்குழாய்த் தண்ணீரில் ஊற்றினோம். கண்முன்னே தொட்டி சோற்றுக்கஞ்சி வடித்த மாதிரி வெளுத்தது. காரீயம் உப்பாகிக் கீழே படிந்துவிட்டது. நான்கு நாளும் தலைப்பிரட்டைகள் ஜாம்ஜாமென்று நீந்தின. ஆய்வு மாணவி "காரீயம் நஞ்சில்லை போலிருக்கு மேடம்" என்றாள். தண்ணீரில் காரீயமே இல்லை என்பதுதான் உண்மை. போட்ட அளவை எழுதாமல், தொட்டியிலிருந்து எடுத்து அளந்த அளவை எழுதச் சொல்வது இதற்குத்தான். மாதிரியை நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்கி, உலோக அளவைக் காட்டும் அணு உறிஞ்சல் கருவியில் கொடுத்துப் பாருங்கள்.

மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை நீக்க மீன்கடையில் சோடியம் தயோசல்ஃபேட் கொடுப்பார்கள். உலோகச் சோதனையில் அதைத் தொடாதீர்கள், தாமிரத்தையும் பாதரசத்தையும் அது கட்டிப்போட்டுவிடும். இரண்டு நாள் காற்றுக்குழாய் போட்டுத் திறந்து வைத்தால் போதும்.

காட்மியம் குளோரைடு ஒரு மில்லிகிராம் போட்டால் காட்மியம் ஒரு மில்லிகிராம்தானே?

இல்லை. குளோரைடுக்கும் எடை உண்டு. ஒரு மில்லிகிராம் காட்மியம் வேண்டுமானால் நீரற்ற காட்மியம் குளோரைடு 1.63 மில்லிகிராம் எடுக்க வேண்டும். காரீய நைட்ரேட் என்றால் 1.60, மயில்துத்தப் படிகம் என்றால் 3.93, பொட்டாசியம் டைகுரோமேட் என்றால் 2.83. பாட்டில் மேல் எழுதிய மூலக்கூறு எடையைப் படித்தபின் தராசைத் தொடுங்கள்.

எந்த இனம் நல்லது?

தேரையின் தலைப்பிரட்டை கன்னங்கரேலென்று கூட்டமாகத் திரியும், எளிதில் கிடைக்கும், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. தொடங்குகிறவர்களுக்கு அதுதான். மழைக்கு மஞ்சள் பூசிக்கொண்டு கத்தும் பெருந்தவளையின் குஞ்சு அப்படியில்லை. அது மாமிசம் தின்னும், தன் கூடப்பிறந்ததையும் விடாது. பத்தை ஒரு தொட்டியில் விட்டுக் காலையில் வந்து பார்த்தால் ஆறு இருக்கும். மிச்சம் நாலு காட்மியத்தால் சாகவில்லை!

ராத்திரியில் ஆண் தவளையின் சத்தத்தை வைத்துத்தான் இடம் கண்டுபிடிக்கிறோம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மா சொல்லவில்லை.

தலைப்பிரட்டை சாகவில்லை என்றால் தண்ணீர் நல்லது என்று எழுதிவிடலாமா?

எழுதாதீர்கள். கண்மாயில் ஒரே நாளில் கொல்லும் அளவுக்கு உலோகம் சேர்வது அபூர்வம். சாகாத தலைப்பிரட்டையிடம்தான் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

லென்ஸில் வாயைப் பாருங்கள். பாசி சுரண்டும் கறுப்புப் பல்வரிசை சீப்பு மாதிரி இருக்கும். உலோகம் கலந்த நீரில் வளர்ந்ததில் அந்தச் சீப்பு நடுநடுவே உடைந்திருப்பதைப் பார்க்கலாம். பல் இல்லாவிட்டால் தீனி குறையும், தீனி குறைந்தால் வளர்ச்சி தள்ளிப்போகும். வால் ஒரு பக்கம் வளைந்திருந்தால் வட்டமடித்து நீந்தும், தண்ணீரில் வளரும் தும்பிக் குஞ்சுக்கு லட்டு மாதிரி கிடைக்கும்.

கால் முளைக்கப் பத்து நாள் தாமதம் என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். தை மாதத்தில் சட்டென்று வற்றும் பள்ளத்தில் அந்தப் பத்து நாள்தான் உயிர். கால் வராத தலைப்பிரட்டை வெடித்த சேற்றில் காய்ந்து கிடக்கும். அந்தச் சாவு எந்த எல்.சி.50 கணக்கிலும் வராது.

மரபணு பாதிப்பை எப்படிப் பார்ப்பது?

நுண்ணுட்கரு சோதனையில் தொடங்குங்கள். நம் ரத்தச் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, தவளையினுடையதுக்கு உண்டு. நீள்வட்ட அணு, நடுவில் நீள்வட்ட உட்கரு. தலைப்பிரட்டையில் இன்னொரு வசதி, சிவப்பணுக்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரியும். பிரியும் நேரத்தில் ஒரு குரோமோசோம் துண்டோ முழுக் குரோமோசோமோ பின்தங்கிவிட்டால், அது தனியாகச் சவ்வு போர்த்திக்கொண்டு பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் சின்னப் பொட்டாக நிற்கும். அதுதான் நுண்ணுட்கரு. அணு பிரிந்தால்தான் அது உண்டாகும். எனவே ஒரே நாளில் பார்த்து ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஐ.எஸ்.ஓ. 21427 முறையில் பன்னிரண்டு நாள் நஞ்சு நீரில் வைக்கிறார்கள்.

செய்முறை கடினமில்லை. எம்.எஸ்.222 மயக்கமருந்தைச் சமையல் சோடாவால் அமிலம் நீக்கிக் கொடுக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் தடவிய நுண்குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஸ்லைடில் இழுத்து, உலர்த்தி, மெத்தனாலில் பத்து நிமிடம் வைத்து, ஜீம்சா சாயம் ஏற்றுங்கள். ஒரு தலைப்பிரட்டைக்கு ஆயிரம் அணு எண்ண வேண்டும். பொட்டின் விட்டம் பெரிய உட்கருவின் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதே நிறத்தில் இருக்க வேண்டும், ஒட்டாமல் நிற்க வேண்டும்.

ஒரு வருடம் எங்கள் கண்ட்ரோல் ஸ்லைடிலேயே நுண்ணுட்கரு கொட்டிக் கிடந்தது. தண்ணீரை மாற்றினோம், தீனியை மாற்றினோம், கீரை வாங்கும் கடையைக்கூட மாற்றினோம். கடைசியில் பார்த்தால் ஜீம்சாவை யாரும் வடிகட்டவில்லை. எண்ணியதெல்லாம் சாயத்துகள். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். நுண்ணோக்கியின் சிறு திருகை மெல்லத் திருகினால் உட்கரு மங்கும்போது நுண்ணுட்கருவும் கூடவே மங்க வேண்டும். தூசி மட்டும் வேறு மட்டத்தில் தனியாக மினுங்கும். இன்னொன்று, ஸ்லைடின் பெயரை வேறொருவர் மறைத்துக் குறியீடு போட்டுத் தர வேண்டும். "இது அதிக டோஸ்" என்று தெரிந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட நேர்மையான கண்ணும் ரெண்டு பொட்டு கூடுதலாகப் பார்க்கும்.

சோதனை வேலை செய்கிறதா என்று அறிய, தெரிந்த மரபணு நஞ்சான சைக்ளோபாஸ்பமைடு போட்ட தொட்டி ஒன்றும் கூடவே ஓட வேண்டும்.

காமெட் சோதனை என்கிறார்களே, அது இன்னும் நல்லதா?

பார்க்க அழகாக இருக்கும். ரத்த அணுவை அகரோஸ் கூழில் பதித்து, சவ்வைக் கரைத்து, பி.எச். 13-க்கு மேலான காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் உடைந்த டி.என்.ஏ. வால் நட்சத்திரம் மாதிரி இழுபடும். உடைசல் கூடக் கூட வாலும் கூடும். கார முறையை 1988-இல் சிங்கும் கூட்டாளிகளும் கொடுத்தார்கள். அணு பிரியக் காத்திருக்க வேண்டாம் என்பது இதன் வசதி. ஆனால் உடைந்தது பழுது பார்க்கப்பட்டுவிட்டால் வாலும் போய்விடும். நுண்ணுட்கரு என்பது பழுது பார்க்க முடியாமல் போன கணக்கு. முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

செத்த அணுவும் பெரிய வால் காட்டும். டிரிபான் நீலம் போட்டு உயிருள்ள அணு எத்தனை என்று முதலில் பாருங்கள். நடுவில் கரண்ட் போனால் அந்த ஸ்லைடைத் தூக்கிப் போடுங்கள், "பத்து நிமிடம் ஓடிவிட்டதே" என்று மனம் இளகாதீர்கள். சாயமேற்றும் எத்திடியம் புரோமைடே மரபணு நஞ்சு, கையுறை இல்லாமல் பக்கத்தில் போகக்கூடாது.

உலோகம் டி.என்.ஏ.வை எப்படிக் கெடுக்கிறது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. ஆறு இணைதிறன் குரோமியம் சல்ஃபேட் மாதிரி வேஷம் போட்டு, சல்ஃபேட் நுழையும் வாசல் வழியாகவே உயிரணுவுக்குள் போய்விடும். உள்ளே மூன்று இணைதிறனாக மாறும்போது டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். மூன்று இணைதிறன் குரோமியம் வெளியிலிருந்து அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது. அதனால்தான் மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்தால் போதாது என்கிறோம். காட்மியம் நேரடியாக உடைப்பதைவிட, உடைந்ததைப் பழுது பார்க்கும் நொதிகளைக் கெடுப்பதில்தான் கெட்டிக்காரன். இவற்றோடு ஆக்சிஜன் தனியுறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்கள்) செய்யும் சேதமும் சேர்ந்துகொள்ளும்.

குடிக்கிற தண்ணீர் அளவுக்குள் இருந்தால் தவளைக்கும் சரிதானே?

இல்லை. இந்தியக் குடிநீர்த் தரத்தில் தாமிரத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. மென்னீரில் ஒரு மில்லிகிராமுக்குக் கீழேயே தாமிரம் கொல்லும் தலைப்பிரட்டை இனங்கள் உண்டு. நமக்குக் குடல், அதற்குச் செவுள்.

டீச்சரம்மா, கண்மாய்க் கரம்பையை அள்ளி வயலில் அடிக்கலாமா?

சுற்றிலும் வயலும் மேய்ச்சலும் மட்டும் உள்ள கண்மாய் என்றால் தாராளமாக அடிக்கலாம், காலங்காலமாக அடிப்பதுதான். நகரச் சாக்கடையோ பட்டறைக் கழிவோ இறங்கும் கண்மாய் என்றால் முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள். உலோகத்துக்குச் சேறுதான் கிட்டங்கி.

இதில் தவளைக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. தண்ணீருக்கடியில் கறுத்துக் கிடக்கும் சேற்றில் உலோகம் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கும். சித்திரை வெயிலில் கண்மாய் காய்ந்து வெடிக்கும்போது காற்றுப் பட்டு அந்தக் கட்டு அவிழும். முதல் மழைத்தண்ணீர் உலோகத்தைக் கரைத்துக்கொண்டு நிற்கும். அதே முதல் மழைக்குத்தான் தவளையும் முட்டை போடும். கண்மாய் மறுகால் பாய்ந்தபிறகு மாதிரி எடுத்துவிட்டு "அளவுக்குள் இருக்கிறது" என்று எழுதுகிறவர்கள் அந்த முதல் வாரத்தைத் தவறவிட்டவர்கள். தண்ணீரை அப்படியே கொண்டுவந்து 100, 50, 25, 12.5, 6.25 சதவீதமாகக் கலந்து அதிலேயே தலைப்பிரட்டையை விட்டும் பார்க்கலாம். எந்த உலோகம் என்று அது சொல்லாது, கெடுதல் உண்டா என்று சொல்லும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நிறுவன விலங்கு நெறிக்குழு, இயற்கையிலிருந்து எடுக்க வனத்துறை, இரண்டுமே எழுத்தில் வேண்டும். எங்கள் குழு தலைப்பிரட்டையையும் முதுகெலும்பியாகவே எண்ணிக் கணக்குக் கேட்கிறது, அது சரிதான். தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-இல் தடை செய்தது. பெருந்தவளை அதற்கு முன்பே, 1985-இல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் ஏறிவிட்டது. "வயக்காட்டுத் தவளைதானே" என்று யாரும் பையோடு கிளம்ப வேண்டாம்.

சோதனை முடிந்ததும் மிஞ்சிய கரைசலை எங்கே ஊற்றுவது?

எங்கும் ஊற்றாதீர்கள். உலோக வாரியாகத் தனித்தனி கேன், மேலே பெயரும் தேதியும், மூடி இறுக்கமாக. காட்மியம், காரீயம், தாமிரத்தைச் சுண்ணாம்பால் படியவைத்து, படிந்ததை அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கலாம். ஆறு இணைதிறன் குரோமியம் சுண்ணாம்புக்குப் படியாது, அதை முதலில் மூன்று இணைதிறனாகக் குறைக்க வேண்டும். பாதரசக் கேனை அப்படியே ஒப்படையுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கூடத்தில், கண்மாய் மாசைப் பற்றி ஆய்வு செய்தவர் மிச்சக் கரைசலைக் கழுவுதொட்டியில் கொட்டிக் கழுவிவிட்டார். கழுவுதொட்டிக் குழாய் எங்கே போகிறது என்று பிளம்பரைக் கேட்டோம். வெளியே காட்டினார். சாக்கடை, அதற்கப்புறம் கிருதுமால்.